இரண்டாவது மாடியில் பிள்ளையார்

எங்கள் ஃபிளாட்ஸ் பிள்ளையார் ஒரு வருடத்துக்கு மேல் என் வீட்டு ஹாலில் பேயிங் கெஸ்டாகத் தங்கியிருந்தார். சாப்பாட்டில் குறை சொல்லாத, பாத்ரூமை அடைத்துக்கொள்ளாத, டி.வி. ரிமோட்டைப் பிடுங்காத விருந்தாளி. அவரால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவெல்லாம் அவருடைய ஆட்களால்தான்.

ராஜா அண்ணாமலைபுரத்தில், மந்தைவெளிப் பக்கம் திரும்பும் தெருவொன்றில் எங்கள் கட்டடம். மூன்று மாடி, பழசு. கேட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் ரூமை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குக் கீழே ஒரு முழ உயரத்துக்குப் பிள்ளையார் இருந்தார். யார் வைத்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் மேனேஜராக இருந்தவர். தினமும் காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போது பிள்ளையாரைப் பார்த்து ஒரு ஹாரன் அடிப்பார். அவ்வளவுதான் அவருடைய பூஜை. கன்னத்தில் போட்டுக்கொள்வது, தோப்புக்கரணம், ஒன்றும் கிடையாது. இதென்ன கும்பிடு என்று ஒருநாள் கேட்டதற்கு, குட்மார்னிங் சொல்கிறேன், அவர் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார் என்றார். வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு ஹாரன் நின்றுவிட்டது. எனக்கும் பிள்ளையாருக்கும் பெரிய போக்குவரத்து ஒன்றும் இருக்கவில்லை. பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன், அவரும் பார்ப்பார்.

இப்படி இருக்கையில் லிஃப்ட் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு மோட்டார் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். சங்கத்துச் செயலாளர் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு ஜோசியரை அழைத்துவந்தார். ஜோசியர் கட்டடத்தைச் சுற்றிவந்து, வாசலில் விநாயகர் ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் வெந்துகொண்டிருக்கிறார், அவருக்கு நல்ல இடம் கட்டிக் கொடுக்காதவரை இந்தக் கட்டடத்தில் எதுவும் மேலே ஏறாது என்றார். பொதுக்குழு கூடி, இந்த இருவரில் ஜோசியரைத் தேர்ந்தெடுத்தது. செயலாளர் அரசாங்கத்தில் பாலம் கட்டி ரிட்டயர் ஆன இன்ஜினியர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாலங்களின் மேல் போகும்போது நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.

கருங்கல்லில் சன்னதி கட்டுவதென்று முடிவாயிற்று. வேலை நடக்கும்போது சாமியைச் சிலையில் வைத்திருக்கக் கூடாதாம். அவருடைய சக்தியை மந்திரம் சொல்லி ஒரு குடத்துத் தண்ணீரில் இறக்கி, வேறிடத்தில் வைத்துக் காப்பாற்றி, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து சிலையின் மேல் ஊற்ற வேண்டும். பாலாலயம் என்று அதற்குப் பெயர். பெரிய கோயில்களில் அதற்கென்று தனி மண்டபம் போடுவார்கள். நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள், எங்களுக்கு மண்டபத்துக்கு எங்கே போவது? யாராவது ஒருவர் வீட்டில் குடத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் செயலாளர்.

கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பக்தர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். கீழ் வீட்டில் வயசுப் பெண்கள் இரண்டு பேர், மாசாமாசம் சிக்கல். முதல் மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் மீன் சமைப்பவர்கள். மூன்றாவது மாடியில் நாய். செயலாளர் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், பிள்ளை பிறந்தால் தீட்டு. கடைசியில் எல்லாருடைய பார்வையும் என்னிடம் வந்து நின்றது. தனியாக இருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், சைவம், நாய் கிடையாது.

"உங்காத்துலதான் ஒரு தொந்தரவும் இல்லை மேடம்" என்றார் செயலாளர்.

கணவர் செத்து, மகள் பெங்களூருக்குப் போய், வீடு வெறிச்சென்று கிடப்பதை இவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சரி என்றேன். குடமும் என்னுடையதுதான். பாத்திரக் கடைக்காரர் பெண்டாட்டி வீட்டில் செப்புக்குடத்துக்கா பஞ்சம்?

குருக்கள் சின்ன வயசுக்காரர். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். இங்கிருந்து அடையாறு வரைக்கும் ஃபிளாட்ஸ் பிள்ளையார்களெல்லாம் அவர் கையில். செயலாளர் தெப்பக்குளத்துப் பக்கத்துக் கடையிலிருந்து ஏழு நதித் தீர்த்தம் என்று லேபிள் ஒட்டிய பாட்டில்களை வாங்கி வந்திருந்தார். அதைக் குடத்தில் ஊற்றி, மாவிலை செருகி, மேலே மஞ்சள் பூசிய தேங்காயை உட்கார வைத்து, மந்திரம் சொல்லி முடித்தபோது மணி பத்தரை. வெயில் ஏறிவிட்டது. இனி மேலே போய்ச் சேரும்வரை குடத்தை நடுவில் எங்கேயும் இறக்கக் கூடாது என்றார் குருக்கள். லிஃப்ட் அன்றைக்கு நின்றுபோய்க் கிடந்தது. செயலாளருக்கு முதுகுவலி ஞாபகம் வந்தது. பொருளாளருக்குப் போன் வந்தது. மற்றவர்கள் பக்திப் பரவசத்தில் இரண்டடி பின்னால் போனார்கள்.

நான்தான் தூக்கினேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் முழங்கால்களைத் திட்டிக்கொண்டே இரண்டு மாடி ஏறினேன். என் கையில் எப்போதும் வீட்டுக்காரருடைய பழைய வாட்ச் இருக்கும், அகலமான டயல், ஆம்பளை வாட்ச். அது ஒவ்வொரு படிக்கும் செம்பில் இடித்துச் சத்தம் போட்டது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் நான் விதவை என்பது நினைவுக்கு வரவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அது மாசி மாதம், ஆறு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். சன்னதி தெருவைப் பார்க்க வேண்டுமா, கட்டடத்தைப் பார்க்க வேண்டுமா என்று சண்டை வந்தது. தெருவைப் பார்த்தால் அருளெல்லாம் எதிர் ஃபிளாட்ஸுக்குப் போய்விடும் என்று ஒரு கட்சி. இது தீர்வதற்குள் ஆடி வந்தது, ஆடியில் ஆகாது. புரட்டாசியில் ஒருவர் ஆகாது என்றார், ஐப்பசியில் மழை. அப்புறம் மார்கழி, அதைக் கேட்கவே வேண்டாம். கடவுளுக்கு வீடு கட்ட வருடத்தில் ஒரு மாதம்கூட ஒழியவில்லை.

குடத்தை நான் ஹாலில் ஜன்னலோரம் வைத்திருந்தேன். முன்பு வீட்டுக்காரருடைய நாற்காலி இருந்த இடம் அது. நாற்காலியை மகள் எடுத்துப்போன பிறகு அந்த மூலை காலியாகவே இருந்தது. முதல் சில நாள் குருக்கள் சொன்னபடி குளித்து, விளக்கேற்றி, தெரிந்த ஒரே ஒரு சுலோகத்தைச் சொன்னேன். பிறகு சுலோகம் சொல்லிவிட்டுக் காபியை அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். பிறகு காபி மட்டும். நைட்டியோடு, தலைகூட வாராமல் எதிரில் உட்கார்ந்திருப்பேன். பேச ஆரம்பித்தது எப்போது என்று தெரியவில்லை. முதலில் வெயிலைப் பற்றி. அப்புறம் மகள் போன் பண்ணாததைப் பற்றி.

அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. சொல்லத்தான் நிறைய இருந்தது. நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு நான்கு நாள் ஓம வாட்டர் குடித்துக்கொண்டிருந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபத்தை மகளிடம்கூடச் சொன்னதில்லை. செத்துப்போனவரைத் திட்டுகிறாளே என்பார்கள். குடத்திடம் திட்டித் தீர்த்தேன். சத்தமாக அழுதேன். சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை, அன்றைக்கு வந்தவர்களுக்குக் காபி போயிற்றா என்று பார்க்க வேண்டியிருந்தது. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று அவரையே கேட்டேன். இதற்குப் பெயர் பக்தியா என்று எனக்குத் தெரியாது. பெயர் வைக்கவும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது, அது மட்டும் தெரியும்.

என் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் சைதாப்பேட்டையிலிருந்து வருவாள். அவளும் வீட்டுக்குள் நுழைந்ததும் குடத்தைப் பார்த்து, "இன்னா நைனா, நல்லா கீறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பாள். நைனா நல்லாத்தான் இருந்தார்.

குடம் வந்த முதல் சித்திரை, வைகாசி வெயிலிலேயே தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது, சாமி ஆவியாகிப் போகிறாரே என்று. குருக்களுக்குப் போன் போட்டேன். எங்கோ டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல தண்ணியா பாத்து ஊத்துங்கோம்மா, வத்தாம பாத்துக்கோங்கோ" என்றார்.

எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் கேன் தண்ணீர்தான். தேங்காயைத் தூக்கி ஒரு டம்ளர் ஊற்றினேன். வாரத்துக்கு ஒருமுறை, வெயில் கடுமையாக இருந்தால் இரண்டு முறை. ஆடி பிறக்கும்போது அந்தக் குடத்தில் ஏழு நதியில் ஒரு நதிகூட மிச்சமிருக்க நியாயமில்லை. பிள்ளையார் ஒரு மாற்றமும் காட்டவில்லை. நானும் காபி டம்ளரோடு எதிரில் உட்காருவதை நிறுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலையில் வேலைக்கார அம்மாள் ஹாலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"யம்மா, இங்க வந்து பாரேன். நைனாவுக்கு ஒடஞ்ச தந்தம் மொளைச்சிக்கினு கீது."

தேங்காயின் கண்ணிலிருந்து வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, கொஞ்சம் வளைந்து ஒரு முளை. தண்ணீரும் வெளிச்சமும் இருந்தால் தேங்காய் முளைக்கும், அது தென்னையின் சுபாவம். ஆனால் கலசத்துத் தேங்காய் முளைத்தால் அது சாட்சாத் அனுக்கிரகம். வேலைக்கார அம்மாள் எங்கள் கட்டடத்தில் இன்னும் மூன்று வீட்டில் வேலை பார்ப்பவள். பத்து மணிக்கெல்லாம் செயலாளர் என் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அன்றோடு என் நிம்மதிக்குச் சங்கு ஊதியாயிற்று. எங்கள் ஃபிளாட்ஸ் முடிந்து, எதிர் ஃபிளாட்ஸ் முடிந்து, அபிராமபுரத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். விசாவுக்காக ஒருவர் பாஸ்போர்ட்டைக் குடத்தடியில் வைத்து எடுத்தார். ஒரு பையன் ஹால் டிக்கெட்டை வைத்தான். கீழ் வீட்டுக்காரர் பக்கத்து பார்க்கிங் இடம் தனக்கே அமைய வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார், பக்கத்து பார்க்கிங்காரர் பின்னாலேயே நின்றிருந்தார். வெறும் குடமாக இருந்தவரை ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. தேங்காய்க்கு முளை வந்ததும் கடவுளுக்கு உயிர் வந்துவிட்டது.

கூட்டம் வந்தால் பின்னாலேயே சட்டம் வரும். செயலாளர் என் வீட்டுக் கதவில், என்னைக் கேட்காமலே, லேமினேட் செய்த அட்டையை ஒட்டினார். தரிசன நேரம் காலை ஆறு முதல் எட்டு, மாலை ஐந்து முதல் ஏழு. அந்த நேரத்தில் நான் பூண்டு வதக்கக் கூடாது. டி.வி. கூடாது. ஹாலில் படுக்கக் கூடாது. நைட்டியோடு நடமாடக் கூடாது. என் காபி நேரமும் அவர்களுடைய தரிசன நேரமும் ஒன்றாகிவிட்டதால் நான் சமையலறையில் நின்றுகொண்டு குடித்தேன். என் விருந்தாளியை நானே ஓரமாக நின்று எட்டிப்பார்க்கும்படி ஆயிற்று. எட்டு மணிக்கு எல்லாரும் போன பிறகு உட்கார்ந்தால், பேச்சு வரவில்லை. ஊதுபத்திப் புகையில் கண்தான் எரிந்தது.

வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் கிண்ணத்தை எடுத்தேன். செயலாளர் மெல்லத் தொண்டையைச் செருமினார். அடுத்த நாளிலிருந்து அவருடைய மனைவி என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து குங்குமம் கொடுத்தாள். பாவம், அதிகம் பேசாத பெண்மணி. தோளில் ஏதோ பிடிப்பு, கையை மேலே தூக்க முடியாது. யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பிரசவத்துக்கு மகள் வந்தாளே, என்ன குழந்தை என்று ஒருநாள் கேட்டேன். அவள் புருஷன் வீட்டுக்கே போய்விட்டாள் என்று செயலாளர்தான் பதில் சொன்னார். அவர்கள் வீட்டில் குழந்தை அழும் சத்தம் எதுவும் நான் கேட்டதாக நினைவில்லை.

இதற்கிடையில் மூன்றாவது மாடிக்காரர் லிஃப்டுக்குள் நாயோடு மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் கத்தினார். சத்தமில்லாமல் புது மோட்டார் போட்டார்கள். லிஃப்ட் ஓடியது. முளைத்த தேங்காயின் மகிமை என்று செயலாளர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார். மெக்கானிக்குக்கு யாரும் கை கூப்பியதாகத் தெரியவில்லை.

தை பிறந்து, சன்னதி ஒருவழியாக எழுந்தது. பங்குனியில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கொண்டுவந்து விட்டவள் நான், கொண்டுபோய் விடுவதும் நானாக இருக்க வேண்டும். ஒரு வருடம் என் கோபத்தையும் அழுகையையும் கேட்டுக்கொண்டிருந்தவர் கிளம்பும்போது வாசல்வரை போகாமல் இருப்பேனா? அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பார்க்கிங்கில் மறுபடி நாற்காலி போட்டார்கள். நாதஸ்வரம், ட்ரோன் கேமரா, சாப்பாட்டுக்குக் கேட்டரிங் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் குடத்துக்கு வந்தார்கள்.

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கு மேடம். தம்பதியாதான் எடுத்துண்டு வரணும். நானும் இவளும் எடுத்துண்டு வந்துடறோம். நீங்க பால்கனிலேர்ந்து நன்னா சேவிக்கலாம்" என்றார் செயலாளர்.

குரலை உயர்த்தக் கூடாது என்று இருந்தேன்.

"போன வருஷம் மேல ஏத்துனப்ப இந்த சாஸ்திரம் எங்க போயிருந்துச்சு? முதுகுவலியா அதுக்கும்?" என்றேன்.

அது வேறு, இது வேறு என்றார். அன்றைக்கு அவசரம், இன்றைக்கு விசேஷம் என்றார். நானும் விடவில்லை. அந்தக் குடத்தில் இருப்பது முழுக்க என் கையால் ஊற்றிய கேன் தண்ணீர், ஏழு நதியும் போன கோடையிலேயே ஜன்னல் வழியாகப் போய்விட்டன, விதவை கை பட்டால் ஆகாதென்றால் அந்தத் தண்ணீரும் ஆகாது, தேங்காயும் ஆகாது, நீங்கள் விசா வாங்கியதும் ஆகாது என்றேன். பாஸ்போர்ட்காரர் சட்டென்று நிமிர்ந்தார். எல்லாரும் குருக்களைப் பார்த்தார்கள். குருக்கள் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, எல்லாவற்றுக்கும் பிராயச்சித்தம் இருக்கிறது என்றார். கங்கா ஜலம் ஒரு சொட்டு விட்டு, ஒரு மந்திரம் சொன்னால் குடத்துத் தண்ணீர் சுத்தமாகிவிடுமாம். கேன் தண்ணீருக்குப் பரிகாரம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று மேலே போய் நெடுநேரம் குடத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இப்போதாவது நீ ஏதாவது சொல்லேன் என்று கேட்டேன். அவர் எப்போதும் போலக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

கும்பாபிஷேகத்தன்று விடிந்ததும் செயலாளரும் மனைவியும் வந்தார்கள். அவர் மயில்கண் வேட்டி, அவள் அரக்குப் புடவையில் மாம்பழக் கரை. கீழே நாதஸ்வரம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. மனைவி குனிந்து குடத்தைத் தூக்கப் பார்த்தாள். தோள் விடவில்லை. மறுபடி பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள், கண் கலங்கிவிட்டது. செயலாளர் தன் முதுகைத் தொட்டுக்கொண்டார். பிறகு வாசலை எட்டிப்பார்த்துவிட்டு, என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"லிஃப்ட் வரைக்கும் நீங்க எடுத்துண்டு வந்துடுங்கோ மேடம். கீழ கதவு திறந்ததும் இவ வாங்கிப்பா. லிஃப்டுக்குள்ள யாரும் பாக்கமாட்டா."

லிஃப்டுக்குள் சாஸ்திரம் செல்லாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீயே தூக்கிக்கொள் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். என் ரோஷம் அதைத்தான் சொல்லிற்று. ஆனால் இரண்டு மாடி தூரமாவது அவரோடு போகலாமே என்று இருந்தது. தூக்கினேன்.

மூன்று பேரும் குடமுமாக லிஃப்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். முளை இப்போது இரண்டு இலை விட்டு என் கன்னத்தை உரசியது. வாட்ச் செம்பில் இடித்தது. போய்ட்டு வா என்று மனதுக்குள் சொன்னேன். கீழே கதவு திறந்தது. கெட்டிமேளம். ட்ரோன் தேனீ மாதிரி இறங்கி வந்தது. செயலாளர் இரண்டு கையையும் குடத்தில் வைத்தார், அவர் மனைவியும் வைத்தாள். நான் கையை எடுக்கப் போனேன். குடம் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் முகத்தைத் திருப்பாமல், உதடு மட்டும் அசைய, "விட்டுடாதீங்கோ" என்றாள்.

விடவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, குடத்தின் கனம் முழுக்க என் கையில் இருக்க, மூன்று பேரும் சன்னதிவரை நடந்தோம். செயலாளர் முகத்தில் கேமராவுக்கான பரவசம் இருந்ததால் அவரால் என்னைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. குருக்கள் பார்த்தார். உடனே மேகத்தைப் பார்த்தார்.

மத்தியானம் வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது. என் தலை தெரியாதபடி ஓரத்தை வெட்டியிருந்தார்கள். தம்பதி இருவர், புன்னகை இரண்டு, குடத்தில் கைகள் ஆறு. நடுவில் இரண்டு கைகளில் வளையல் இல்லை, ஒன்றில் அகலமான டயல் வைத்த ஆம்பளை வாட்ச். படத்துக்குக் கீழே எல்லாரும் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள், ஒருவரும் எண்ணிப்பார்க்கவில்லை. நான் படத்தைப் பெரிதாக்கி அந்த வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப்போனால் நானும் என் வீட்டுக்காரரும் தம்பதியாகத்தான் பிள்ளையாரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். அன்றைக்கு வீட்டுக்காரர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

இப்போது பிள்ளையார் கருங்கல் சன்னதியில் இருக்கிறார். கிரில் கதவு, பூட்டு, சாவி செயலாளரிடம். நேரப் பலகை தொங்குகிறது. நைட்டி அணிந்து வர வேண்டாம் என்று தனியாக ஒரு வரி, அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். முளைத்த தேங்காயைச் சன்னதிக்குப் பக்கத்தில் நட்டு வேலி போட்டார்கள். பக்தர்கள் போட்டி போட்டுக்கொண்டு பால் ஊற்றியதில் ஒரு மாதத்தில் அழுகிப்போயிற்று. கேன் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை.

குடம் வெறுமையாக என்னிடம் திரும்பி வந்தது. அடியில் ஒரு நசுங்கல் புதிதாக இருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கேன் தண்ணீர் ஊற்றிப் பழைய இடத்திலேயே வைத்தேன். தேங்காயும் இல்லை, மாவிலையும் இல்லை. காலையில் நைட்டியோடு எதிரில் உட்கார்ந்து காபி குடித்தேன். பேச்சு தானாக வந்தது. வேலைக்கார அம்மாள் உள்ளே வந்தாள், குடத்தைப் பார்த்தாள், "வந்துட்டியா நைனா" என்றுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், காலிங் பெல் அடித்தது. செயலாளரின் மனைவி. அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றாள். உள்ளே வந்து குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது இப்ப வெறும் குடம்தானே?" என்று கேட்டாள்.

"வெறும் குடம்தான்" என்றேன்.

"கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா? குழந்தை தங்கலை. பொண்ணு அழுதுண்டே போனா. கும்பாபிஷேகம் வரப்போறது, ஆத்துல அழப்படாதுன்னுட்டார். நான் இன்னும் அழவே இல்லை."

அத்தனை நாள் என் ஹாலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் குங்குமம் கொடுத்தவள். அன்றைக்குச் செயலாளர் பதில் சொன்னதோடு விட்டுவிட்டேன், அவளை மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே உட்காரச் சொன்னேன். அவள் எந்தத் திசையைப் பார்த்து உட்கார வேண்டும் என்று கேட்டாள். எந்தப் பக்கம் காற்று வருகிறதோ அந்தப் பக்கம் என்றேன். பிறகு சமையலறைக்குப் போய், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், மிக்ஸியை ஓட விட்டேன்.

அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறாள். நான் மிக்ஸியை ஓட விடுகிறேன். அவள் முகம் கழுவிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போகிறாள். போன வாரம், கீழ் வீட்டு அம்மாவும் மனசு சரியில்லாமல் இருக்கிறாள், அவளையும் அழைத்துவரட்டுமா என்று கேட்டாள்.

"வரட்டும். ஆனா நீங்க வராத நாளா பாத்து, அவங்க மட்டும் தனியா வரட்டும்" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்தால் நடுவில் ஒரு செயலாளர் முளைத்துவிடுவார் என்றேன்.

அவள் குடத்தைப் பார்த்தாள். பிறகு, நான் அவளை அறிந்த நாளிலிருந்து முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.